உமியும் மணியும்: விண்ணின் காமா கதிர்களைப் பிரித்தறியும் முறை

முறத்தைக் கொண்டு செய்யும் வேலைகளுக்குத் தமிழ் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. பதரைப் பறக்கவிட்டு மணியை நிறுத்துவது புடைத்தல். கல்லையும் மண்ணையும் ஒருபுறம் ஒதுக்குவது கொழித்தல். நுண்ணியதைப் பருமையினின்று பிரிப்பது தெள்ளுதல். களத்து மேட்டில் காற்றின் போக்கறிந்து உயரத்திலிருந்து கொட்டுவது தூற்றுதல். ஆராய்ந்து தெளிதல் என்ற பொருளும் தெள்ளுதலுக்கு உண்டு என்பது மொழி பயில்வோர் அறிந்ததே. நம் திருச்செங்கோட்டு வட்டாரத்தில் வேறொரு பிரித்தறிதலும் அன்றாடம் நடைபெறுகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் முட்டையை விளக்கின் முன்னே பிடித்து, ஊடுருவும் ஒளியைக் கொண்டு நல்லதையும் கெட்டதையும் ஓட்டை உடைக்காமலே தெரிந்துகொள்கின்றனர். இவை அனைத்திலும் அடிப்படை ஒன்றே: பிரிக்க வேண்டிய இரு பொருள்களுக்கிடையே எடையிலோ, பருமையிலோ, ஒளி புகும் தன்மையிலோ ஏதேனும் ஒரு வேறுபாடு இருத்தல் வேண்டும்.

மணியும் பதரும் ஒரே எடை, ஒரே நிறம். பதரோ மணியைப்போல் ஆயிரம் மடங்கு. போதாக்குறைக்கு, நம் கைக்கு வருவது மணியும் அன்று, பதரும் அன்று. அவை விழுந்து நொறுங்கியபோது எழுந்த தூசி மட்டுமே என்றால் என் செய்வது? விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர்களைத் தரையில் நின்று ஆராயப் புகுந்தவர்கள் எதிர்கொண்ட இக்கட்டு இதுவே. அவர்கள் அதனை எவ்வாறு தீர்த்தனர் என்பதும், தீர்ப்பதற்கு முன் எவ்வாறு தவறினர் என்பதும் இக்கட்டுரையின் பொருள். இக்கதையில் ஒரு பெரும்பகுதி நமக்கு மேற்கே, ஈரோடும் கோவையும் கடந்து ஏறினால் வரும் உதகை மலையில் நிகழ்ந்தது என்பதால் இது அயலார் கதையும் அன்று.

காமாவும் அண்டக்கதிரும்

ஒளி என நாம் கண்ணால் காண்பதன் ஒரு துகள் இரண்டு, மூன்று எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலே உடையது. ஈண்டு நாம் பேசும் காமா கதிரின் ஒரு துகளோ ஒரு டெரா எலெக்ட்ரான் வோல்ட், அஃதாவது ஓர் இலட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் அளவிலானது. எனினும் இதுவும் ஒளியே. மின்னூட்டம் அற்றது. ஆகவே பால்வெளியின் காந்தப் புலங்கள் இதனை வளைப்பதில்லை. புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் வந்து சேர்கிறது. வந்த திசையைப் பின்னோக்கி நீட்டினால் பிறந்த இடம் தெரிந்துவிடும்.

அண்டக்கதிர்கள் அவ்வாறல்ல. 1912ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் ஐயாயிரம் மீட்டருக்கும் மேலே பலூனில் ஏறி, உயரம் செல்லச் செல்லக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டார். விண்ணிலிருந்து இடைவிடாது பொழியும் அக்கதிர்களில் பெரும்பங்கு புரோட்டான்கள். எஞ்சியவை ஹீலியம் முதலான அணுக்கருக்கள். இவை மின்னூட்டம் பெற்றவை. காந்தப் புலங்களில் சிக்கி, சுழன்று, திசை கெட்டு, முகவரி அழிந்த மடலைப்போல நம்மை வந்தடைகின்றன. எல்லாத் திசையிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவில் வருவதால், எந்த விண்மீனை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினாலும் அவை குறுக்கே நிற்கும். கருவியில் பதிவாகும் நிகழ்வுகளில் காமா ஆயிரத்தில் ஒன்று தேறினாலே அது வலுவான மூலம்.

விண்கலத்தில் கருவியை ஏற்றி வளிமண்டலத்துக்கு மேலே அனுப்பலாகாதா என மாணவர் வினவலாம். அனுப்பியிருக்கின்றனர். ஆனால் கணக்கைப் பாருங்கள். வானில் நிலையாக ஒளிரும் காமா மூலங்களுள் புகழ்பெற்றது நண்டு ஒண்முகில். அதிலிருந்து ஒரு டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட காமா கதிர்கள், ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஓர் ஆண்டு முழுவதும் சேர்ந்து ஆறு அல்லது ஏழே விழும். விண்கலக் கருவியின் பரப்பு அவ்வளவுதான். ஆற்றல் குறைந்த காமா கதிர்கள் மிகுதியாக வருவதால் அவற்றுக்கு விண்கலம் ஏற்றது. உயர் ஆற்றலுக்குத் தரையே கதி.

தரைக்கும் விண்ணுக்கும் இடையே வளிமண்டலம் உள்ளது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கு மேலும் ஒரு கிலோ காற்று நிற்கிறது. எந்தக் காமா கதிரும் அதைக் கடந்து நம்மிடம் நேரே வாராது. அந்தத் தடையையே கருவியாக்கிக் கொண்டதுதான் இத்துறையின் முதல் வெற்றி.

பொழிவு

உயர் ஆற்றல் காமா ஒன்று மேல் வளிமண்டலத்தில் ஓர் அணுக்கருவின் அருகே வரும்போது எலெக்ட்ரான், பாசிட்ரான் என்னும் இணையாக மாறுகிறது. அவ்விரண்டும் மேலும் அணுக்கருக்களால் விலக்கப்பட்டுப் புதிய காமா கதிர்களை உமிழ்கின்றன. அவை மீண்டும் இணைகளாகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆற்றல் பங்கிட்டுத் தீரும் வரை பெருகுகிறது. இந்த அடுக்குப் பெருக்கத்தின் கணிதத்தை 1937இல் வகுத்தவர்களுள் ஒருவர் நம் நாட்டு ஹோமி பாபா. உடன் பணியாற்றியவர் வால்ட்டர் ஹைட்லர். அணு உலைகளின் தந்தை என்று மட்டுமே பாபாவை நம் பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. அவர் இளமையில் செய்த இப்பணி, இன்றைக்கும் காமா கதிர் ஆய்வின் அடித்தளம் என்பதை மாணவர்க்குச் சொல்வார் இலர். இதனை ஆங்கிலத்தில் மழைச்சாரல் என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். தமிழில் 'பொழிவு' என்பது பொருத்தமாகப் படுகிறது. மழை பொழிகிறது, அருள் பொழிகிறது, சொல் பொழிகிறது, துகளும் பொழியட்டும்.

புரோட்டான் விழுந்தாலும் பொழிவு உண்டு. ஆனால் அது வேறு வகை. புரோட்டான் காற்றின் அணுக்கருவை நேரே மோதி உடைக்கிறது. பயான் என்னும் துகள்கள் பல சிதறுகின்றன. மின்னூட்டமற்ற பயான் நொடியின் மிகச் சிறு கூறுக்குள் இரண்டு காமாக்களாக மாறி, தனித்தனிச் சிறு பொழிவுகளைத் தொடங்குகிறது. மின்னூட்டமுள்ள பயான்கள் சில மறுபடி மோதுகின்றன. சில சிதைந்து மியூவான்களாகின்றன. மியூவான் என்பது எலெக்ட்ரானின் கனத்த உடன்பிறப்பு. கனம் ஏறத்தாழ இருநூறு மடங்கு. எளிதில் நிற்காது, எளிதில் ஆற்றலை இழக்காது. நம்மூர் ஆழ்துளைக் கிணற்று வண்டி பாறையைத் துளைத்து இறங்குவதுபோல அது காற்றையும் கட்டடத்தையும் துளைத்து நிலத்துக்குள்ளேயே சென்றுவிடும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழ்நிலைகளில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கருவிகளை வைத்ததும் இம்மியூவான்களுக்கு அஞ்சியே.

எனவே வேறுபாடு கிடைத்துவிட்டது. காமாவின் பொழிவு ஒல்லியானது, ஒழுங்கானது, மியூவான் அரிதானது. புரோட்டானின் பொழிவு அகன்றது, திட்டுத்திட்டானது, மியூவான் மலிந்தது. ஆயினும் இப்பொழிவுகள் நிகழ்வது பத்துக் கிலோமீட்டர் உயரத்தில். அவற்றின் வடிவை யார் காண்பது?

நீல ஒளி

காற்றில் ஒளி செல்லும் வேகம் வெற்றிடத்தில் செல்வதைவிடச் சற்றே குறைவு. பொழிவின் எலெக்ட்ரான்களோ அதை மிஞ்சி ஓடுகின்றன. அவ்வாறு ஓடும் மின்துகள் ஒரு மங்கிய நீல ஒளியை முன்னோக்கி உமிழும். 1934இல் இதனைக் கண்டறிந்த சோவியத் அறிஞர் செரன்கோவின் பெயரால் அது செரன்கோவ் ஒளி எனப்படுகிறது. அவருக்கும், விளக்கம் தந்த பிராங்க், தாம் இருவருக்கும் 1958இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பொழிவின் ஒளி ஒரு குறுகிய கூம்பாக இறங்கி, தரையில் ஏறத்தாழ 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாகப் பரவும். ஒரு டெரா எலெக்ட்ரான் வோல்ட் காமாவுக்கு, அவ்வட்டத்துள் ஒரு சதுர மீட்டரில் நூறளவிலான ஒளித்துகள்களே விழும். கால அளவோ, ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஐந்தாறு கூறு.

இதில் ஒரு பேரருள் உள்ளது. அந்த ஒளிவட்டத்தின் எந்த மூலையில் தொலைநோக்கி நின்றாலும் பொழிவு தெரியும். ஆகவே ஒற்றை ஆடிக்கு நாற்பத்தையாயிரம் சதுர மீட்டர் பரப்பு வாய்த்துவிடுகிறது. ஆண்டுக்கு ஆறேழு என்ற நண்டு ஒண்முகில் கணக்கு, மணிக்கு முப்பதுக்கு மேல் என மாறிவிடுகிறது.

1952இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரெய்த், ஜெல்லி என்னும் இருவர் ஒரு குப்பைத் தொட்டிக்குள் சிறிய குவியாடியையும் ஒளிப்பெருக்கிக் குழலையும் வைத்து இவ்வொளித் துடிப்புகளை முதன்முதல் பதிவு செய்தனர். அறிவியலுக்குப் பெருஞ்செலவு வேண்டும் என்று கைகட்டி நிற்போர் அக்குப்பைத் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். மங்கிய ஒளியாதலின் நிலவற்ற, மேகமற்ற இரவுகளே இதற்கு உதவும். பிறை பார்க்க மாடியேறும் நம் பெரியோர்க்கு மேல்வானின் மிச்ச வெளிச்சம் எவ்வளவு தொல்லை தரும் என்பது தெரியும். பிறை தெரிந்தாலே இவர்கள் கடையைக் கட்டவேண்டும். ஆண்டில் ஆயிரம் மணி நேரம் கிடைப்பதே அரிது.

உதகையில்

துடிப்பு விண்மீன்கள் 1967இல் கண்டறியப்பட்டதும் உலகெங்கும் ஆய்வாளர்கள் அவற்றை நோக்கித் திரும்பினர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர்க் குழுவினர் 1969இல் உதகையில், தேடுவிளக்குகளுக்கு உரிய இரண்டு ஆடிகளைக் கொண்டு துடிப்பு விண்மீன்களிலிருந்து காமா கதிர் வருகிறதா எனத் தேடலாயினர். இந்திய மண்ணில் தரைவழிக் காமா வானியலின் தொடக்கம் அதுவே. பின்னர் ஆடிகள் பெருகின. 1986இல், மேகம் குறைந்த வானை நாடி, மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கு அவ்வாய்வு இடம்பெயர்ந்தது.

அக்காலத்துக் கருவிகளுக்கு எண்ணத் தெரியும், பார்க்கத் தெரியாது. ஒளித்துடிப்பு வந்தால் ஒன்று என எழுதிக்கொள்ளும். அது காமாவா, புரோட்டானா என்பது அதற்குத் தெரியாது. மூலத்தை நோக்கி ஒரு மணி நேரம், மூலமற்ற வெறும் வானை நோக்கி ஒரு மணி நேரம் எண்ணி, இரண்டையும் கழித்துப் பார்ப்பதொன்றே வழி. இக்கழித்தலில் உள்ள இடரை ஒரு கற்பிதக் கணக்கால் விளக்குவேன். மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கவேண்டும்.

வெறும் வானில் 10,000 நிகழ்வுகள். மூலத்தின் திசையில் 10,400. மிகுதி 400. இது மெய்யான காமாவா, தற்செயல் ஏற்றமா? எண்ணிக்கைகளின் தற்செயல் ஊசலாட்டம் அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம் அளவில் இருக்கும். 20,400இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 143. மிகுதி 400 என்பது அதைப்போல் 2.8 மடங்கே. இத்துறையில் ஐந்து மடங்குக்குக் குறைந்ததை எவரும் கண்டுபிடிப்பு என்று ஏற்பதில்லை. பல மூலங்களைப் பல இரவுகள் பார்த்தால் இப்படி ஓர் ஏற்றம் எங்கேனும் தானே தோன்றும்.

இப்பொழுது, நூற்றில் தொண்ணூற்றொன்பது பதரை நீக்கும் ஒரு முறம் நமக்குக் கிடைத்தது எனக் கொள்வோம். அம்முறம் மணியிலும் பாதியைச் சிந்திவிடுகிறது. வெறும் வானில் எஞ்சுவது 100. மூலத்தின் திசையில் அதே 100உடன், 400 காமாவில் பாதியாகிய 200 சேர்ந்து 300. மிகுதி 200. கூட்டுத்தொகை 400, வர்க்கமூலம் 20. மிகுதி, ஊசலாட்டத்தைப்போல் பத்து மடங்கு! மணியில் பாதியை இழந்தும் ஐயம் தீர்ந்துவிட்டது. இத்துறையின் உயிர்நாடி இந்தச் சிறிய கணக்கில் இருக்கிறது என்பேன்.

தவறிய காலம்

அம்முறம் இல்லாமல் கழிந்த இருபது ஆண்டுகளில் உலகின் பல குழுக்கள் காமா மூலங்கள் பலவற்றைக் கண்டதாக அறிவித்தன. மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்ற மெலிந்த சான்றுகள். ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை. இவற்றுள் மிகப் பேசப்பட்டது சிக்னஸ் எக்ஸ்-3 என்னும் இரட்டை விண்மீன். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரக் குழுவினர், அத்திசையிலிருந்து ஆயிரம் டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேற்பட்ட பொழிவுகள் மிகுந்து வருவதாகவும், அவ்விண்மீனின் 4.8 மணி நேரச் சுற்றோடு அவை இயைவதாகவும் எழுதினர். அறிவியல் உலகம் பரபரத்தது. ஆனால் அவர்களே குறிப்பிட்ட ஒரு செய்தி உறுத்தியது. அப்பொழிவுகளில் மியூவான் குறையவில்லை; ஏறத்தாழ அண்டக்கதிர்ப் பொழிவின் அளவே இருந்தது. காமாவாயின் குறைந்திருக்க வேண்டும் அன்றோ? சிலர் இதுவரை அறியாத புதியதொரு துகள் வருகிறது என்று கோட்பாடுகள் கட்டத் தொடங்கினர்.

விடை காண அமெரிக்காவின் யூட்டா பாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தரைக் கருவிகளும், நிலத்தடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மியூவான் கருவிகளும் கொண்ட காசா-மியா என்னும் அணி அமைக்கப்பட்டது. 1990களில் அது ஆண்டுக்கணக்கில் பார்த்தும் கீல் குழு கூறிய வலுவில் எதனையும் காணவில்லை. நம் பாடநூல்கள் கண்டுபிடிப்புகளை அடுக்குகின்றன. இத்தகைய இடறல்களைச் சொல்வதில்லை. இது ஒரு பெருங்குறை என்றே எனக்குப் படுகிறது. வெற்றியை மட்டும் படித்த மாணவன், ஆய்வகத்தில் முதன்முறை ஓர் எண் மிகுந்து வந்தவுடன் மகிழ்ந்து கூத்தாடுவான், ஐயுறமாட்டான்.

படத்தைப் படித்தல்

முறம் கிடைத்த வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹாப்கின்ஸ் மலைமேல் 1968 முதலே பத்து மீட்டர் விட்டமுள்ள விப்பிள் தொலைநோக்கி நின்றது. அதன் குவியத்தில் ஒற்றை ஒளிக்குழலுக்கு மாறாக 37 குழல்களைத் தேன்கூடு போல அடுக்கினால், ஒளித்துடிப்பை எண்ணுவதோடு அதன் உருவத்தையும் படம் பிடிக்கலாம் என டிரெவர் வீக்ஸும் அவர் குழுவினரும் கருதினர். படம் கிடைத்தால் எதைப் பார்ப்பது? 1985இல் இங்கிலாந்தின் லீட்சைச் சேர்ந்த மைக்கேல் ஹில்லாஸ் கணினியில் பொய்ப்பொழிவுகளை உண்டாக்கி விடை சொன்னார்.

காமாவின் படம் ஒரு மெல்லிய நீள்வட்டம். நெல்மணியின் வடிவம் என்றே சொல்லலாம். புரோட்டானின் படம் அகன்றது, ஓரம் சிதைந்தது. சில வேளை இரண்டு மூன்று திட்டுகளாகப் பிரிந்தும் தோன்றும். அருகே விழும் மியூவான் தனியாக ஒரு வளையத்தையோ வில்லையோ வரையும். ஆகவே முதற்சோதனை நீளமும் அகலமும். இரண்டாம் சோதனை திசை. தொலைநோக்கி நோக்கும் மூலத்திலிருந்து வந்த காமாவாயின், நீள்வட்டத்தின் நெடிய அச்சு படத்தின் நடுப்புள்ளியை நோக்கி நிற்கும். அண்டக்கதிர் எத்திசையிலிருந்தும் வருவதால் அதன் அச்சு எப்படி வேண்டுமாயினும் கிடக்கும். அச்சுக்கும் நடுப்புள்ளிக்கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை ஆல்பா என்பர். மெய்யான மூலம் இருந்தால் ஆல்பா சுழியத்தை அடுத்த இடத்தில் நிகழ்வுகள் குவியும். இல்லையேல் எல்லாக் கோணத்திலும் சமமாகப் பரவும்.

இவ்விரு சோதனைகளைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவு ஹதீஸ் கலையின்பால் செல்கிறது. ஒரு செய்தி வந்தால் அறிஞர்கள் இரண்டைப் பார்த்தனர்: யார் வழியாக யாரிடமிருந்து வந்தது என்னும் ஸனது, சொல்லப்பட்ட பொருள் எத்தகையது என்னும் மத்னு. இமாம் புகாரி அவர்கள் இலட்சக்கணக்கான அறிவிப்புகளைத் திரட்டி, அவற்றுள் சில ஆயிரங்களையே தம் தொகுப்பில் ஏற்றார்கள் என்பது வழிவழி அறியப்பட்ட செய்தி. ஆல்பா என்பது ஸனதைப் போன்றது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறது. அகலம் மத்னைப் போன்றது. நீ எத்தகையவன் என்று கேட்கிறது. இது ஒருபுடை உவமையே, மேலும் நீட்டலாகாது. ஹதீஸ் கலையில் ஒவ்வோர் அறிவிப்புக்கும் தனித்தனியே தீர்ப்பு உண்டு. காமா வானியலில், கையிலுள்ள இந்த ஒரு படம் காமாதான் என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. தொகுதிக்கே தீர்ப்பு, துளிக்கு இல்லை.

1989இல் விப்பிள் குழுவினர் நண்டு ஒண்முகிலிலிருந்து காமா கதிர் வருவதை ஊசலாட்டத்தின் ஒன்பது மடங்கு வலுவோடு நிறுவினர். இருபது ஆண்டு ஐயம் அன்று தீர்ந்தது. பிறர் நோக்கியபோதும் அது அங்கேயே இருந்தது. இன்றும் ஒவ்வொரு புதிய தொலைநோக்கியும் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள முதலில் அதனையே நோக்குகிறது. தரையிலிருந்து அறியப்பட்ட உயர் ஆற்றல் காமா மூலங்கள் இன்று இருநூறுக்கும் மேல்.

இரண்டு மருத்துவர்கள்

அந்த நண்டு ஒண்முகில், 1054ஆம் ஆண்டு வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் எச்சம். சீனர்கள் அதனைப் பகலிலும் 23 நாள் கண்டதாக எழுதி வைத்தனர். அரபு உலகில் அதைக் கண்டவர் இலரோ என்ற வினா நெடுநாள் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் மருத்துவர் வரலாறுகளைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ, பக்தாதைச் சேர்ந்த கிறித்தவ மருத்துவர் இப்னு புத்லானின் குறிப்பு ஒன்றை எடுத்தாள்கிறார். ஹிஜ்ரி 446இல் மிதுனத்தில் தோன்றிய புதிய விண்மீனையும் அதையடுத்துப் பரவிய கொள்ளை நோயையும் அக்குறிப்பு சொல்கிறது. ஹிஜ்ரி 446 என்பது 1054 ஏப்ரல் முதல் 1055 ஏப்ரல் தொடக்கம் வரை. அது நண்டு ஒண்முகிலின் வெடிப்பே ஆகலாம் என்று 1978இல் ஆய்வாளர் மூவர் எடுத்துக்காட்டினர். இன்று நாம் இடப விண்மீன் குழுவில் காணும் அவ்விடம், அக்கால இராசிக் கணக்கில் மிதுனத்தில் அடங்கும்.

இதே இப்னு புத்லானோடு கெய்ரோவில் கடுமையான சொற்போர் நடத்தியவர் அலீ இப்னு ரிள்வான் என்னும் முஸ்லிம் மருத்துவர். தம் இளமையில் ஹிஜ்ரி 396இல், அஃதாவது 1006இல், தோன்றிய பெரும் புதுவிண்மீனைத் தாமே கண்டு தாலமியின் நூலுக்கு எழுதிய உரையில் அதன் ஒளியையும் இடத்தையும் பதிந்து வைத்தார். அவ்வெடிப்பின் எச்சத்திலிருந்து காமா கதிர் வருவதை நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் 2010இல் வெளியிட்டன. மருத்துவத்தில் ஒருவரையொருவர் ஏற்காத இருவர், ஆளுக்கொரு விண்மீன் வெடிப்புக்குச் சாட்சியாய் அமைந்தது வியப்பே.

மீண்டும் உதகை

செரன்கோவ் ஆய்வு பச்மரிக்குச் சென்றாலும் உதகை வெறுமையாகிவிடவில்லை. 2200 மீட்டர் உயரத்தில் அங்கே கிரேப்ஸ்-3 என்னும் அணி இந்திய-ஜப்பானியக் கூட்டுமுயற்சியாக இயங்கி வருகிறது. இதற்கு இருளும் வேண்டா, தெளிந்த வானும் வேண்டா. பொழிவின் ஒளியை விடுத்து, தரைக்கே வந்து சேரும் துகள்களை இது பிடிக்கிறது. எட்டு மீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ நானூறு ஒளிர்வுக் கருவிகள் அறுகோண ஒழுங்கில் பரப்பப்பட்டுள்ளன. துகள்கள் எந்தக் கருவியை எப்போது தொட்டன என்பதிலிருந்து வந்த திசை கணிக்கப்படும்.

பிரித்தறியும் வேலையைச் செய்வது அதன் மியூவான் தொலைநோக்கி. தொலைநோக்கி என்றதும் ஆடியும் குழலும் நினைவுக்கு வரும், இது அவ்வாறன்று. ஆறு மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள் 3,712. அவற்றுள் வாயு நிரப்பி, நடுவே கம்பி ஓட்டி, நான்கு அடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாய் வைத்திருக்கின்றனர். கைத்தறி நெசவு கண்ட நம் பகுதியினர்க்குப் பாவும் ஊடையும் என்றால் எளிதில் விளங்கும். மேலே இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் கான்கிரீட் பாளங்கள். எலெக்ட்ரான்களும் காமாக்களும் அப்பாளத்திலேயே தீர்ந்துபோகும். மியூவான் மட்டுமே கீழிறங்கும். மொத்தப் பரப்பு 560 சதுர மீட்டர். மேலே பெரும்பொழிவு, கீழே மியூவான் இல்லை என்றால் அது காமாவாக இருத்தல் கூடும். காமாப் பொழிவிலும் மியூவான் அறவே இல்லை எனல் இயலாது. புரோட்டான் பொழிவில் உள்ளதில் நூற்றுக்குச் சில பங்கு இருக்கும்.

இம்முறையையே பேரளவில் கையாண்டது சீனாவின் சிச்சுவான் மலையில் 4,410 மீட்டர் உயரத்தில் உள்ள லாசோ ஆய்வகம். மண்ணில் புதைத்த 1,188 மியூவான் கருவிகளின் துணையோடு, நூறு டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட காமாக்களை அனுப்பும் 12 மூலங்களை 2021இல் அது அறிவித்தது. ஒரு துகளின் ஆற்றல் 1,400 டெராவை எட்டியது. கீல் நகரத்தார் 1983இல் தேடிய ஆற்றல் வானில் இருக்கத்தான் செய்தது. அதனைக் காணும் முறம் அன்று அவர்களிடம் இல்லை.

நம் நாட்டிலும் படம்பிடிக்கும் முறை வளர்ந்தது. அபு மலையில் 349 குழல்களோடு டாக்டிக் தொலைநோக்கி அமைந்தது. லடாக்கின் ஹான்லேயில் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் விட்டமும் 1,088 குழல்களும் கொண்ட மேஸ் தொலைநோக்கி 2024ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. ஆசியாவில் இவ்வகையில் மிகப் பெரியது அதுவே.

எஞ்சும் பதர்

இவ்வளவு செய்தும் தீராத பதர் இரண்டு உண்டு. முதலாவது, ஒரு புரோட்டான் தன் முதல் மோதலிலேயே பெரும்பங்கு ஆற்றலை மின்னூட்டமற்ற பயானிடம் கொடுத்துவிட்டால் அப்பொழிவு காமாவைப்போலவே வளரும். எப்போதாவதுதான் நிகழும், ஆயினும் கோடிக்கணக்கில் புரோட்டான் வருகையில் எப்போதாவது என்பதும் எண்ணிக்கையே. இரண்டாவது, அண்டக்கதிர்களுள் சிறுபங்காக வரும் எலெக்ட்ரான்கள். அவற்றின் பொழிவு காமாப் பொழிவேதான். படத்தில் வேறுபாடு காண்பது அரிதினும் அரிது. அங்கே அகலச் சோதனை கைவிட்டுவிட, திசைச் சோதனை ஒன்றே எஞ்சுகிறது. பல தொலைநோக்கிகளை ஒருங்கே நிறுத்தி ஒரே பொழிவைப் பல கோணத்தில் பார்ப்பதும், பல அளவைகளைக் கணினிக்குக் கற்பித்துத் தரம் பிரிக்கச் செய்வதும் இன்று வழக்கமாகிவிட்டன. ஆனால் கணினி கற்பது பொய்ப்பொழிவுகளைக் கொண்டு. பொய்ப்பொழிவு மெய்யோடு ஒத்திருக்கிறதா என்பதை மனிதரே ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டியுள்ளது.

கொழித்துத் தள்ளிய பதரும் வீண்போகவில்லை. மியூவான் வரையும் வளையத்தின் ஒளியளவைக் கணித்தறிய முடியுமாதலின், ஆடியின் தூய்மை குன்றியதா என்று பார்க்க அதனையே அளவுகோலாகக் கொள்கின்றனர். உதகையிலோ அண்டக்கதிர் மியூவான்களே தனி ஆய்வுப்பொருளாயின. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் உதகைக்கு மேலே ஓர் இடிமேகம் கடந்தபோது, மியூவான் எண்ணிக்கை சிறிதளவு குறைந்தது. மேகத்தின் மின்புலம் அவற்றின் ஆற்றலை மாற்றியதே காரணம். அக்குறைவிலிருந்து பின்னோக்கிக் கணித்து, அம்மேகத்துள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என 2019இல் அக்குழுவினர் வெளியிட்டனர்.